இறக்கி வைக்க ஓர் இடம்

வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், விடிவதற்கு முன்பே சின்ன காஞ்சிபுரத்தின் தெருக்கள் நிறைந்துவிடுகின்றன. வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் கோபுர வாசலைக் கடக்கும் அந்தக் கணத்தில் எல்லாக் கண்களும் குடையையும் மாலையையும் பெருமாளின் முகத்தையும் நோக்கியே இருக்கின்றன. பார்வையைச் சற்றுத் தாழ்த்தினால் தண்டுகளுக்கு அடியில் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள்கள் தெரியும். கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்பும் அந்த நெடும்பாதை முழுவதும் வாகனத்தின் எடை அந்தத் தோள்களின் மேல்தான். ஆண்டுக்கணக்காகச் சுமந்தவர்களுக்குத் தோளில் தோல் தடித்துக் காய்த்திருக்கும்.

உற்சவம் அன்றோடு முடிவதில்லை. பத்து நாள் விழாவில் இன்னும் பல வாகனங்கள் உண்டு. இன்று சுமந்த தோள் நாளையும் வேண்டும். ஆகவே எவரும் தனியாளாகச் சுமப்பதில்லை. போகிற வழியில் நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே தோள் மாறும், ஆள் மாறும். இதை யாரும் உடலியல் படித்து வகுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் கண்ட நடைமுறை இது: சுமையைத் தூக்குவது வேலையின் பாதி, அடுத்த முறை தூக்குவதற்கு உடலை மீட்டெடுப்பது மறுபாதி.

பளு தூக்கும் விளையாட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தோள்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மாமல்லன் என்று பட்டம் சூடிய நரசிம்மவர்மன் ஆண்ட தலைநகரம் இது. மற்போர் வீரன் என்று பொருள்படும் அந்தப் பெயரை ஓர் அரசன் தன் கடற்கரை நகருக்கே வைத்தான். அவன் ஆண்ட காஞ்சியின் தெருக்களில் இன்று சிறிய ஜிம்கள் நிறைந்திருக்கின்றன. பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் அங்கே வந்து ஸ்குவாட் போடுகிறார்கள், டெட்லிஃப்ட் எடுக்கிறார்கள். எத்தனை கிலோ, எத்தனை செட், எத்தனை முறை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எத்தனை மணி நேரம் தூங்கினாய், எப்போது ஓய்வு என்று கேட்பவர்தான் அரிது.

*

கடும் பயிற்சிக்கு மறுநாள் உடலில் என்ன நடக்கிறது? மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும் அந்த வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பல பயிற்சியாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். பயிற்சியில் சேரும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வலியோ 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் ஏறி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்கு வருகிறது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது, அதாவது எடையை மெல்ல இறக்கும்போது, நார்களுக்குள் மிக நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதைச் சீராக்க உடல் அழற்சியைத் தொடங்குகிறது. நீர் கோக்கிறது, நரம்பு முனைகள் கூர்மையாகின்றன. நாம் வலி என்று உணர்வது அந்தச் சீரமைப்பின் ஒரு பகுதி.

பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாட்கள் தசையில் புரதம் கட்டப்படும் வேகம் கூடியிருக்கிறது. வலிமை சேர்வது அப்போதுதான். ஜிம்மில் செலவிடும் ஒரு மணி நேரத்தில் உடல் தளர்கிறது. அதற்குப் பிந்தைய நாற்பத்து சொச்சம் மணி நேரத்தில் அது வளர்கிறது. இடையில் சோறும் தூக்கமும் கிடைக்காவிட்டால் தளர்ச்சி மட்டுமே மிஞ்சும்.

தசைநாண்களின் கதை வேறு. தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். எலும்போடு அதைப் பிணைக்கும் நாணுக்குக் குறைவு. தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும், நாண் அதே பலத்துக்கு வர மாதங்கள் எடுக்கும். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலின் இழுப்பு ஒருவிதமாகவும் கரையின் இழுப்பு வேறுவிதமாகவும் இருந்தால், குறை தெரிவது இரண்டும் சேரும் இடத்தில். பளு தூக்குகிறவரின் உடலிலும் பிழை அப்படித்தான் வெளிப்படுகிறது. மூன்று மாதத்தில் எடையை இரட்டிப்பாக்கிய இளைஞனின் தொடை உறுதியாக இருக்கும், முட்டிக்குக் கீழே நாண் வலிக்கும்.

*

மீள்வதற்கு நம்மிடம் வழிகள் இல்லாமல் இல்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், நொச்சி இலை ஒத்தடம், சுளுக்குக்குப் பத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் போடும் கட்டு, இடுப்புக்கு உளுந்தங்களி, சளைத்த உடம்புக்கு ஆட்டுக்கால் சூப்பு. சித்த மருத்துவம் உடல் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்று தனி முறையாகவே வகுத்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எலும்பு முறிந்தால் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவது வடதமிழ்நாட்டில் பல தலைமுறை வழக்கம்.

இவற்றைக் கும்பிடவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பிடித்துவிடுவது மறுநாள் வலியை ஓரளவு குறைக்கிறது. இதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் இழந்த வலிமையை அது விரைவில் மீட்டுத் தருவதாகத் தெளிவான சான்று இல்லை. ஒத்தடத்தின் வெப்பம் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. எண்ணெய்க் குளியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாதே, கடும் வேலை செய்யாதே என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அந்தத் தடையும் மருந்தின் ஒரு பகுதியே. வாரத்தில் ஒரு நாள் உடலுக்குச் சட்டப்படி விடுமுறை கிடைத்தது. ஆனால் எலும்பு முறிந்ததா, நாண் அறுந்ததா என்று தெரியாத நிலையில் எண்ணெயும் கட்டும் போதாது. முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மேற்கிலிருந்து வந்த முறைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அடிபட்டால் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் ஒரு சூத்திரமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். உலகமே அதைப் பின்பற்றியது. பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 2015-இல் ‘ஜர்னல் ஆஃப் பிசியாலஜி’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. 12 வாரம் எடைப் பயிற்சி செய்த ஆண்களில் ஒரு குழு ஒவ்வொரு முறையும் முடித்த பின் 10 நிமிடம் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்நீரில் அமர்ந்தது. மற்றொரு குழு மெதுவாக சைக்கிள் மிதித்தது. குளிர்நீரில் இருந்தவர்களுக்குத் தசையும் வலிமையும் குறைவாகவே வளர்ந்தன. வலியை அடக்கும்போது வளர்ச்சிக்கான அழைப்பும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு முறை களமிறங்க வேண்டிய போட்டிக் காலத்தில் குளிர்நீர் உதவலாம். பலம் சேர்க்கும் மாதங்களில் அது தேவையில்லை.

ஆக, தேய்ப்பது, ஒத்துவது, நனைப்பது எல்லாம் துணைதான். மூலமருந்து மூன்று: தூக்கம், உணவு, காலம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 112 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். பருப்பு, சுண்டல், பால், தயிர், மீன் எல்லாம் சேர்த்தால் இது எட்டக்கூடிய அளவுதான். மூன்று வேளையும் சோறும் குழம்பும் மட்டும் உண்ணும் வீட்டில் எட்டாது. பெண் பிள்ளைகளுக்கு இதோடு இரத்தசோகையும் சேர்ந்தால், அவர்கள் எவ்வளவு உழைத்தாலும் உடல் மீளாது.

*

காயம் பட்டபின் மீள்வது இன்னும் நீண்ட பாதை. அங்கேயும் நம் வழக்கமான எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. அடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்திருந்தால் அது தானே சரியாகிவிடும் என்று நம்புகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளிலும் அப்படித்தான் நம்பினார்கள். முட்டி அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, கால் சூம்பி, குணமாகாமல் இருந்தார்கள். சிகாகோவில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிந்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் எடை தூக்கும் பழக்கம் உள்ளவர். சிறு வயதில் முடக்குக் காய்ச்சலில் படுத்து, பின்பு எடைப் பயிற்சியால் தம்மைத் தேற்றிக்கொண்டவர். வீரர்களின் காலில் இரும்புக் காலணியைப் பூட்டி, தாங்கும் அளவில் தொடங்கிப் படிப்படியாக எடையைக் கூட்டினார். 1945-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் கையாளும் எடைப் பயிற்சியின் வேர் அங்கே இருக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குதிகால் நாண் வலியால் ஓட முடியாமல் போனவர்களை நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம், குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி செய்யவைத்தார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் மறுபடி ஓடினார்கள்.

சுமையால் கெட்டதைச் சுமையால்தான் சீராக்க முடியும். அளவும் வரிசையும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் வலி எல்லைக்குள் அசைவு, பிறகு குறைந்த எடை, பிறகு கூடுதல் எடை, கடைசியில் வேகம். நம் கர்லாக்கட்டையை எடை குறைந்ததாகத் தேர்ந்து நிதானமாகச் சுழற்றினால், விறைத்த தோளுக்கு முதல் படியாக அது இன்றும் உதவும்.

இந்த அறிவுக்கு நம் பாலாற்றங்கரையிலேயே ஒரு வீடு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி. உடல் மீள்வது ஒரு மருத்துவத் துறை, அதற்குக் கட்டடமும் ஆட்களும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும் என்பதைத் தம் வாழ்வாலேயே சொன்னவர் அவர்.

அதே வேலூரின் சத்துவாச்சாரியிலிருந்து வந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு முன், தேசியப் போட்டியில் 194 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் தூக்க முயன்றபோது அவருடைய முன்தொடைத் தசை காயப்பட்டது. சரியாக உட்காரக்கூட முடியவில்லை, பதக்க நம்பிக்கையே இருக்கவில்லை என்று வென்ற பிறகு சொன்னார். முழுதாகத் தேறாத தொடையோடுதான் கோல்ட் கோஸ்டில் நின்றார். ஸ்நாட்ச் 144, கிளீன் அண்ட் ஜெர்க் 173, மொத்தம் 317. நான்கு ஆண்டுக்கு முந்தைய தம் கணக்கைவிட 11 கிலோ குறைவு. தங்கம் அவருக்கே கிடைத்தது. வெற்றி உறுதியானதும் மிச்சமிருந்த கடைசி வாய்ப்பை அவர் எடுக்கவில்லை.

அந்த எடுக்காத வாய்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். கூட்டம் ஆரவாரித்துக்கொண்டிருக்க, இன்றைக்கு இது போதும் என்று காயம்பட்ட உடலைக் காத்துக்கொள்வது முதிர்ந்த வீரருக்கே கைவரும்.

மீராபாய் சானுவின் கதையும் இதே பாடம்தான். 2017-இல் உலகப் பட்டம், 2018-இல் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டில் முதுகுவலி. ஆசிய விளையாட்டுக்குப் போக முடியவில்லை. 2020-இல் அமெரிக்காவுக்குச் சென்று, தாமும் எடை தூக்கியவரான இயன்முறை மருத்துவர் ஆரன் ஹோர்ஷிக்கிடம் தசைகளின் சமநிலைக் குறைவைச் சரிசெய்துகொண்டார். 2021-இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். காயத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளை அவருக்கு ஒரு நாடு கொடுத்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

*

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. மீள்வதற்கான வழிகள் தெரியாமல் யாரும் அழிவதில்லை. மீள்வதற்கான நேரம் இல்லாமல்தான் அழிகிறார்கள்.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து நாளெல்லாம் மிதிகட்டை மிதிக்கும் நெசவாளருக்கு இடுப்பும் கழுத்தும் முட்டியும் வலிக்கின்றன. சேலைக்குத்தான் கூலி. கை நின்றால் கூலியும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் நீர் ஊறிப் பாவு ஈரமாகும்போது தறி தானாக நிற்கிறது. உடலுக்கு அது ஓய்வு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். அடுப்பெரியாத வீட்டில் உடல் எதைக் கொண்டு தன்னைச் சீராக்கும்? பசியோடு கிடைக்கும் ஓய்வு உடலை மீட்பதில்லை.

அந்த வீட்டுப் பிள்ளை பளு தூக்க வந்தால் காலையில் மூட்டை இறக்கும் வேலை அல்லது தொழிற்சாலை ஷிப்ட், மாலையில் பயிற்சி. இரவு ஷிப்ட் வாரத்தில் தூக்கம் பகலில் துண்டு துண்டாக. தோள் வலித்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, அதிகமானால் ஓர் ஊசி, மாலையில் மறுபடி அதே எடை. ஊசி வலியை மட்டுமே நிறுத்துகிறது. சிதைவு உள்ளே தொடர்கிறது. இத்தகைய மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். 22 வயதில் ஆட்டத்தை விட்டவர்களைச் சோம்பேறி, மனவுறுதி இல்லாதவன் என்று ஊர் சொல்கிறது. அவர்களிடம் இல்லாமல் போனது மனவுறுதி என்று நான் நம்பவில்லை.

மேல்தட்டிலும் இந்த அலட்சியம் உண்டு. 2018 கோல்ட் கோஸ்டில் போட்டி நடக்கும் இடத்தில் தங்களோடு இயன்முறை மருத்துவர் இல்லை என்று பதக்கம் வென்ற மீராபாய் சானுவும் குருராஜாவும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நாட்டின் பதக்க வீரர்களுக்கே அந்த நிலை என்றால் மாவட்டப் போட்டிக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

நம் முன்னோர் இதைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு விட்டுவிடவில்லை. பழைய வழித்தடங்களில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கைத்துணையும் இல்லாமல் சுமையை அதில் சாய்த்து இறக்கலாம், தெம்பு வந்ததும் அப்படியே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக அவற்றை நட்டார்கள். சுமையோடு போனவளுக்காக, சுமப்பவர் எல்லோருக்கும் ஓர் இளைப்பாறல். சுமக்கிறவர் களைப்பார் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அவருக்காகப் பாதையிலேயே கல் நட்ட சமூகம் அது. ஓய்வை அவர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதே மண்ணில்தான் 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்து, மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு நூறு ஆண்டு. உறங்கும் மணி நேரத்துக்காக நூறாண்டாகப் போராடிவரும் மண்ணில், விளையாட்டு வீரரின் ஓய்வைச் சொகுசு என்று நினைப்பது பெரும் பிழை.

ஆகவே சில வேண்டுகோள்கள். பயிற்சியாளர்களே, எடைகளை எழுதும் அதே நோட்டில் ஓய்வு நாளையும் எழுதுங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காம் வாரம் இறக்குங்கள். மரத்துப்போதல், இரவில் எழுப்பும் வலி, சட்டென்று கேட்ட முறிவு ஓசை, பயிற்சிக்குப் பின் தேநீர் நிறத்தில் சிறுநீர், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோரே, பிள்ளை ஒரு வாரம் எடை தொடவில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள். தட்டில் பருப்பும் முட்டையும் கூடுகிறதா என்று பாருங்கள். மாவட்ட விளையாட்டரங்கங்களுக்கு வாரம் சில நாட்களாவது வரும் இயன்முறை மருத்துவரை அரசு அமர்த்த வேண்டும். போட்டிக்கு ஆயத்தமாகும் தொழிலாளிக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்கும், காயம் பட்டால் சம்பளத்தோடு விடுப்பும் ஆலைகள் தர வேண்டும். கருட சேவைக்கு லட்சம் பேரைத் திரட்டும் இந்த ஊரின் சங்கங்களுக்கும் செல்வந்தர்களுக்கும் பத்துப் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் தருவது பெரிய காரியமில்லை.

பளு தூக்கும் இளைஞரே, உங்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வலிக்கும் உடலோடு இன்று கூடுதலாகத் தூக்கும் ஐந்து கிலோவை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. அடுத்த ஆண்டும் நீங்கள் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கு இறக்கி வையுங்கள், உண்ணுங்கள், உறங்குங்கள். அதற்கான நேரத்தை உங்களுக்குத் தர மறுப்பவரிடம் அதை உரிமையாகக் கேளுங்கள்.